பாலைவன கோல்ஃப் ஊரில் குடியேறலாமா? கோச்செல்லா பள்ளத்தாக்கில் வீடு வாங்குபவர்களுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி: நாங்கள் வட கலிபோர்னியாவில் ஃப்ரீமான்டில் இருக்கிறோம். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது, அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறோம். பிப்ரவரியில் பாம் ஸ்பிரிங்ஸ் போய் வந்ததிலிருந்து அங்கேயே குடியேறிவிடலாமா என்று யோசனை. கணவர் இப்போதுதான் கோல்ஃப் பழகுகிறார். லா கின்டாவில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய ஒரு வீட்டையும், பாம் ஸ்பிரிங்ஸில் விலை குறைவான ஒரு காண்டோவையும் (பொது வளாகத்தில் உள்ள அடுக்கக வீடு) பார்த்து வைத்திருக்கிறோம். காண்டோ ‘லீஸ் லேண்ட்’ என்கிறார்கள். எண்பதை நெருங்கும் மாமியாரும் எங்களோடு இருக்கிறார். வருடம் முழுக்க அங்கே வாழ முடியுமா? எதை வாங்கலாம்?

பதில்:

வாழ முடியும். தென் கலிபோர்னியாவில் ஒன்பது ஊர்கள் சேர்ந்த இந்தப் பள்ளத்தாக்கில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பன்னிரண்டு மாதமும் இருக்கிறார்கள். கனடாவிலிருந்தும் வாஷிங்டன், ஓரிகன் பக்கமிருந்தும் குளிருக்குத் தப்பி வரும் ஸ்னோபேர்டுகளைத்தான் விளம்பரங்களில் பார்ப்பீர்கள். நர்ஸ், ஆசிரியர், தோட்டக்காரர், ஹோட்டல் ஊழியர் எல்லாரும் ஆகஸ்டிலும் இங்கேதான் இருக்கிறார்கள். நானும் பல வருடமாக இங்கே குடியிருந்து, வீடு வாங்குபவர்களுக்காக வீடுகளைச் சோதித்துச் சொல்லும் வேலை செய்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: இங்கே வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அதைச் சுற்றியிருப்பது யாருடையது என்று பார்க்க வேண்டும். நிலம் யாருடையது, ஜன்னலுக்கு வெளியே தெரியும் புல் யாருடையது, மின்சாரம் யார் தருகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது. சமையலறையும் குளியலறையும் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். இவை எதையும் நீங்கள் மாற்ற முடியாது.

முதலில் கோடை. பிப்ரவரியில் பகலில் 21 அல்லது 22 டிகிரி செல்சியஸ், இரவில் ஸ்வெட்டர் போடும் குளிர், மலை உச்சியில் பனி. நீங்கள் பார்த்தது அந்த ஊரை. ஜூலையில் சராசரிப் பகல் வெப்பமே 42 டிகிரி. 2024 ஜூலை 5 அன்று பாம் ஸ்பிரிங்ஸில் 51 டிகிரியைத் தொட்டது, அதுவே இதுவரையான உச்சம். வேலூரில் அக்னி நட்சத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு 42 புதிதில்லை, ஆனால் அது சில வாரத்தில் ஓய்ந்துவிடும். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம் அதேதான், இரவிலும் பெரிதாகத் தணியாது. காற்று காய்ந்திருப்பதால் வியர்ப்பதே தெரியாது. உடம்பில் தண்ணீர் குறைவதை உணர்வதற்கு முன்பே தலை சுற்றிவிடும். வயதானவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

வாழ்க்கை அதற்கேற்ப மாறிக்கொள்கிறது. நடை, கடை, கோல்ஃப் எல்லாம் காலை ஏழரைக்குள். பிறகு வீடு, குளிர்பதனம், மாலையில் மறுபடி ஒரு மணி நேரம். சில உணவகங்கள் ஆகஸ்டில் மூடிவிடும், பக்கத்து வீடுகள் பாதி பூட்டிக் கிடக்கும். அந்த அமைதி எனக்குப் பிடித்திருக்கிறது. நான்கு பேரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டியவர்களுக்கு அது பெரிய தனிமை. நீங்கள் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும். வாங்குவதற்கு முன் ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ ஒரு மாதம் இங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்த மாதங்களில் வாடகையும் குறைவு. மாமியாரையும் அழைத்து வாருங்கள். இந்த ஒரு மாதம் சொல்வதை எந்த ஏஜெண்டும் சொல்ல மாட்டார்.

கோடை என்றால் மின்சாரக் கட்டணம். பள்ளத்தாக்கின் கிழக்கே லா கின்டா, இண்டியோ, கோச்செல்லா ஊர்களுக்கு இம்பீரியல் இர்ரிகேஷன் டிஸ்ட்ரிக்ட் என்ற பொது அமைப்பு மின்சாரம் தருகிறது. மேற்கே பாம் ஸ்பிரிங்ஸ், ராஞ்சோ மிராஜ், பாம் டெசர்ட் பகுதிகளுக்குச் சதர்ன் கலிபோர்னியா எடிசன். கிழக்கில் யூனிட் விலை எடிசன் விலையில் ஏறத்தாழ பாதிதான். எடிசன் பகுதியில் நேரத்துக்கு ஒரு விலை என்ற திட்டத்தில் மாலை 4 முதல் 9 வரை விலை உச்சம். வெயில் சுவரில் ஏறி ஏசி மூச்சுவிடாமல் ஓடும் நேரமும் அதுதான். ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளுக்கு ஆகஸ்ட் பில்லில் சில நூறு டாலர் வித்தியாசம் வருவது சாதாரணம். விற்பவரிடம் கடந்த இரண்டு கோடைகளின் பில்லைக் கேளுங்கள், ஆனால் அவர் அந்தக் கோடைகளில் வீட்டில் இருந்தாரா என்றும் கேளுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டின் பில்லால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

கூரையில் சோலார் இருந்தால் அது சொந்தமா, லீஸா என்று பாருங்கள். லீஸ் என்றால் மாதத் தவணை உங்கள் தலையில் வரும். எடிசன் பகுதியில் 2023 ஏப்ரல் 15-க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு, மிச்ச மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் விலை வெகுவாகக் குறைந்துவிட்டது. அதற்கு முன் பதிவான சோலார் உள்ள வீடு என்றால், பழைய திட்டம் இன்னும் எத்தனை வருடம் செல்லும் என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்தக் காண்டோவுக்கு வருகிறேன். பாம் ஸ்பிரிங்ஸின் வரைபடம் சதுரங்கப் பலகை போலத்தான் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதை போடுவதற்காக, பாதையின் இருபுறமும் ஒரு சதுர மைல் கட்டங்களாகப் பிரித்த நிலத்தில் ஒற்றைப்படை எண் கட்டங்களை அரசு ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது. இரட்டைப்படைக் கட்டங்களில் பல, 1876-ல் தொடங்கி, அகுவா கலியன்டே என்ற கவீயா பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலமாயின. ஒரு தெரு இந்தப் பக்கம் சொந்த நிலம், அந்தப் பக்கம் பழங்குடி நிலம். ராஞ்சோ மிராஜிலும் கதீட்ரல் சிட்டியிலும்கூட இப்படி உண்டு. 1959-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த நிலங்களை 99 வருடம் வரை குத்தகைக்கு விட அனுமதித்த பிறகுதான் அவற்றின் மேல் காண்டோக்களும் வீடுகளும் ஹோட்டல்களும் எழுந்தன.

இந்த நிலத்துக்கு ஒரு வலியும் உண்டு. ஊரின் நடுவே இருக்கும் செக்ஷன் 14 என்ற சதுர மைலில் கறுப்பின, மெக்சிகன் தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்தன. 1950, 60-களில் அவர்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள், எரித்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கும் வாரிசுகளுக்கும் 59 லட்சம் டாலர் தரப் பாம் ஸ்பிரிங்ஸ் நகர மன்றம் 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டது. அங்கே வீடு பார்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

லீஸ் லேண்ட் என்றால் கட்டடம் உங்களுடையது, நிலத்துக்கு வாடகை. நிலம் பழங்குடி அமைப்புக்கோ அதன் ஒரு தனி உறுப்பினருக்கோ சொந்தமாக இருக்கும். குத்தகை முடியும் நாளில், புதுப்பிக்கப்படாவிட்டால், கட்டடமும் நிலத்தோடு போய்விடும். அதனால்தான் விலை குறைவு. அது சலுகை கிடையாது, வருடங்கள் குறைந்திருப்பதன் விலை. வங்கிகள் பொதுவாகக் கடன் முடிந்த பிறகும் குத்தகையில் குறைந்தது ஐந்து வருடம் மிச்சம் இருக்க வேண்டும் என்பார்கள். 30 வருடக் கடனுக்கு 35 வருடம் பாக்கி வேண்டும். இன்று 38 வருடம் பாக்கி உள்ள காண்டோவை நீங்கள் கடனில் வாங்கலாம். பத்து வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது 28 வருடம்தான் இருக்கும், அடுத்தவருக்கு 30 வருடக் கடன் கிடைக்காது. ரொக்கக்காரர்தான் வாங்குவார், விலையை அவர்தான் சொல்வார்.

லீஸ் லேண்ட் என்றாலே ஓடிவிடுங்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குத்தகையை நீட்டித்துக்கொண்ட வளாகங்கள் பல உண்டு. அங்கே நிம்மதியாக இருபது, முப்பது வருடம் வாழ்ந்தவர்கள் நிறையப் பேர். பழங்குடி அமைப்பு இந்த ஊரின் பெரிய பொருளாதார சக்தி, நிலத்தை ஒழுங்காக நிர்வகிக்கிறார்கள். கேட்க வேண்டியது இவைதான்: குத்தகை எந்த வருடம் முடிகிறது, நில வாடகை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எந்தக் கணக்கில் ஏறுகிறது, நீட்டிப்புப் பேச்சு நடக்கிறதா, நடந்தால் வீட்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும். குத்தகைப் பத்திரத்தின் நகலையே கேளுங்கள், ஏஜெண்ட் எழுதிக் கொடுக்கும் சுருக்கம் போதாது. நிலம் உங்களுடையது இல்லாவிட்டாலும் கவுன்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு, சொத்துவரி உண்டு. பிள்ளைகளுக்கு விட்டுப்போக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் சொந்த நிலத்தை, இங்கே ‘ஃபீ லேண்ட்’ என்பார்கள், அதையே தேடுங்கள்.

அடுத்து கோல்ஃப் வீடு. இந்தப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கும் அதிகமான கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. 1951-ல் ராஞ்சோ மிராஜில் தண்டர்பேர்ட் கிளப்பின் பதினெட்டு குழி மைதானம் வந்தபோது, மைதானத்தைச் சுற்றி வீட்டுமனை விற்கும் வழக்கமும் இங்கே வேர்விட்டது. மனை விற்கத்தான் மைதானம் என்ற கணக்கு அன்றிலிருந்தே இருக்கிறது. மனைகள் விற்றுத் தீர்ந்த பிறகு அந்தப் புல்லைப் பச்சையாக வைத்திருக்கும் செலவு யாருடையது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

சில இடங்களில் மைதானம் தனியார் கம்பெனியுடையது, சில இடங்களில் உறுப்பினர்களுடையது, சில இடங்களில் வீட்டு உரிமையாளர் சங்கத்துடையது. லா கின்டாவின் பிஜிஏ வெஸ்ட் போன்ற இடத்தில் சங்கக் கட்டணம் வேறு, கிளப் மெம்பர்ஷிப் வேறு. வேலிக்குள் வீடு இருப்பதாலேயே நீங்கள் ஆட முடியாது. வேறு சில வளாகங்களில் வீடு வாங்கினாலே மெம்பர்ஷிப் கட்டாயம், ஆடினாலும் ஆடாவிட்டாலும் மாதம்தோறும் கட்ட வேண்டும். அதோடு கிளப் உணவகத்தில் வருடத்துக்கு இவ்வளவு சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற ‘ஃபுட் மினிமம்’ வேறு. சைவக் குடும்பங்கள் அந்தப் பணத்தைச் செலவழிக்கத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு, விலகும்போது திரும்பக் கிடைக்குமா, வீட்டை விற்றால் மெம்பர்ஷிப் என்ன ஆகும், கிளப்புக்குக் கடன் இருக்கிறதா, விலக விரும்புகிறவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த வளாகத்தை விட்டுவிடுங்கள்.

மைதானம் மூடப்பட்டால் என்ன ஆகும்? நடக்காத விஷயம் இல்லை. பாம் ஸ்பிரிங்ஸ் கன்ட்ரி கிளப் 2006 வாக்கில் மூடி, பல வருடம் வெறும் மண்ணாகவே கிடந்தது. சுற்றியிருந்த வீடுகளுக்குப் பச்சைக்குப் பதில் புழுதி. மைதானத்தை ஒட்டிய வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள் என்றால், அந்தப் பச்சை நிரந்தரம் என்று நம்பித்தான் கொடுக்கிறீர்கள். அந்த நம்பிக்கைக்குப் பத்திரத்தில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

உங்கள் கணவர் இப்போதுதான் பழகுகிறார் என்றால் எந்த கிளப்பிலும் சேர வேண்டாம். பாம் டெசர்ட் நகராட்சிக்குச் சொந்தமான டெசர்ட் வில்லோ, லா கின்டாவின் சில்வர்ராக், பாம் ஸ்பிரிங்ஸின் டாக்விட்ஸ் கிரீக், இண்டியன் வெல்ஸ் நகரத்தின் கோல்ஃப் ரிசார்ட் எல்லாம் பொதுமக்களுக்குத் திறந்தவை. அந்தந்த ஊரில் குடியிருப்பவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. கோடையில் கட்டணம் இன்னும் சரிந்துவிடும். இரண்டு வருடம் இப்படி ஆடட்டும், அப்புறம் கிளப் வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

மைதானத்தை ஒட்டிய வீட்டைப் பார்க்கப் போகும்போது நான் செய்வதை நீங்களும் செய்யுங்கள். வீட்டை ஒட்டிய குழிக்கான ஆரம்ப மேடையில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், நின்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் வலக்கைக்காரர்கள், பழகாதவர்கள் அடிக்கும் பந்து வலப்பக்கம் வளைந்து போகும். மேடையிலிருந்து 150 முதல் 250 கெஜம் தள்ளி வலப்பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்குத்தான் அடி அதிகம். பின்சுவரில் வட்டமான பள்ளங்கள், உடைந்த ஓடு, செடிக்கடியில் கிடக்கும் பந்துகள், பக்கத்து வீட்டில் வலை, இதெல்லாம் கண்ணில் பட்டால் கொல்லைப்புறத்தில் மாமியார் நாற்காலி போட்டு உட்கார முடியாது. உடைந்த கண்ணாடிக்கு யார் பொறுப்பு என்பது பெரும்பாலும் வளாக விதிப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும், அநேகமாக வீட்டுக்காரர் தலையில்தான். இடப்பக்க வீடும், ஆரம்ப மேடையை ஒட்டிய வீடும் மேல். புல் வெட்டும் வண்டி விடியற்காலையில் வரும், அது தூக்கத்தைக் கெடுக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு கூத்து நடக்கும். கோடைப் புல்லான பெர்முடாவைச் சுரண்டி எடுத்துவிட்டு, குளிர்காலத்துக்கான ரை புல் விதைப்பார்கள். ஓவர்சீடிங் என்று பெயர். சில வாரங்கள் மைதானம் மூடியிருக்கும், எங்கும் புழுதி, தண்ணீர், ஈரமண் வாடை. ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அந்த வாரங்களில் ஊருக்குப் போய்விடுவார்கள். அக்டோபரில் வீடு பார்த்தவர்கள் மைதானம் செத்துவிட்டது என்று பயந்து என்னிடம் கேட்டதுண்டு. நவம்பரில் பச்சை திரும்பிவிடும்.

புல் என்றதும் தண்ணீர். அடியில் பெரிய நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. கொலராடோ ஆற்றுத் தண்ணீர் 123 மைல் கோச்செல்லா கால்வாய் வழியாக வருகிறது, 1970-களிலிருந்து படுகையில் ஊற்றி நிரப்பவும் செய்கிறார்கள். பல மைதானங்களுக்குக் கால்வாய் நீரும் சுத்திகரித்த கழிவுநீரும்தான். 1995 முதல் 2010 வரை நீர் இறைத்ததில் பாம் டெசர்ட், இண்டியன் வெல்ஸ், லா கின்டா பக்கம் சில இடங்களில் தரை அரை அடி முதல் இரண்டு அடி வரை அமிழ்ந்தது. லா கின்டாவில் படுகையை நிரப்பும் குளங்கள் வந்த பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் அந்தக் காலத்தில் கட்டிய வீட்டின் தரை விரிசலை நான் இரண்டு முறை பார்ப்பேன். படுகை நீரில் அகுவா கலியன்டே மக்களுக்கு உரிமை உண்டு என்று 2017-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலராடோ ஆறோ வருடத்துக்கு வருடம் வற்றிக்கொண்டு வருகிறது. குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்று நான் பயமுறுத்த வரவில்லை, விலை ஏறும் என்று சொல்கிறேன். 2023-ல் வந்த கலிபோர்னியா சட்டப்படி, வீட்டுச் சங்கங்களின் பொது இடத்தில் வெறும் அழகுக்காக இருக்கும் புல்லுக்கு 2029 முதல் குடிநீர் பாய்ச்சக் கூடாது. அதை எடுத்துவிட்டுப் பாலைவனச் செடி வைக்கும் செலவுக்குச் சங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறதா என்று கேளுங்கள்.

மாதச் சங்கக் கட்டணம் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை போகும். கட்டணம் குறைவு என்பது நல்ல செய்தி இல்லை. சாலை, நீச்சல் குளம், காண்டோ என்றால் கூரை, இதற்கெல்லாம் சேமிப்பு நிதி இருக்க வேண்டும். கலிபோர்னியா சட்டப்படி மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சொத்துகளை நேரில் ஆய்வு செய்து நிதிக் கணக்குப் போட வேண்டும். அந்த அறிக்கையில் தேவையான தொகையில் எத்தனை சதவீதம் கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். அது மிகக் குறைவாக இருந்தால் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்று ஒருநாள் பெரிய தொகைக்குக் கடிதம் வரும்.

வீட்டுக்குள்ளே நான் முக்கியமாகப் பார்ப்பவை மூன்று. ஏசி இங்கே பத்துப் பதினைந்து வருடத்தில் களைத்துவிடும். குளிர்காலத்தில் அதை முழுதாகச் சோதிக்க முடியாது, அதனால் வயதையும் பராமரிப்பு ரசீதையும் கேளுங்கள். 2020-ல் தயாரிப்பு நின்றுபோன ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுவில் ஓடும் பழைய யூனிட் என்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். அடுத்து கூரை. ஓடு ஐம்பது வருடம் நிற்கும், ஆனால் அதற்கடியில் விரித்த தார்த்தாள் இந்த வெயிலில் இருபது, இருபத்தைந்து வருடத்தில் பொடிந்துவிடும். கீழிருந்து பார்த்தால் கூரை புதிது போலவே இருக்கும். 1950, 60-களின் தட்டைக்கூரை வீடுகள் பாம் ஸ்பிரிங்ஸின் பெருமை, அவற்றுக்கும் சில வருடத்துக்கு ஒருமுறை மேல்பூச்சு வேண்டும். மூன்றாவது திசை. தெற்கு பார்த்த கொல்லைப்புறம் குளிர்காலத்தில் இதமாக இருக்கும். மேற்கு பார்த்த பெரிய கண்ணாடி மலைக் காட்சியைத் தரும், பதிலுக்கு ஜூலை மாலைகளில் அந்த அறையையே பிடுங்கிக்கொள்ளும்.

காற்று, நிலநடுக்கம், வெள்ளம் மூன்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். பாம் ஸ்பிரிங்ஸின் வடக்கிலும் டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸிலும் கணவாய்க் காற்று மணலை வாரி அடிக்கும். மலையை ஒட்டிய தெற்குப் பகுதிகளும் லா கின்டாவும் அமைதி. சான் ஆண்ட்ரியாஸ் பிளவு பள்ளத்தாக்கின் வடகிழக்கு ஓரத்தில் ஓடுகிறது, அதன் தென்கோடி சுமார் முந்நூறு வருடமாகப் பெரிதாக அசையவில்லை. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கமும் வெள்ளமும் சேராது, இரண்டையும் தனியாக வாங்க வேண்டும். பாலைவனத்தில் வெள்ளமா என்று கேட்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலில் பாம் ஸ்பிரிங்ஸில் ஒரே நாளில் 3.18 அங்குலம் பெய்தது. ஒரு வருட மழையில் பாதிக்கும் மேல் அது. கோடைக் கடைசியில் தென்கிழக்கே சால்டன் கடல் என்ற உப்பு ஏரியிலிருந்து அழுகிய முட்டை வாடை சில நாள் அடிக்கும், கிழக்கே போகப் போக அதிகம்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. கலிபோர்னியாவில் வீடு வாங்கியதும் சொத்துவரி புதிய விலையில் கணக்கிடப்படும், விற்பவர் கட்டிய வரியைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆனால் 2021 ஏப்ரல் முதல், புரொபோசிஷன் 19 என்ற மாநிலச் சட்டப்படி, 55 வயது கடந்தவர்கள் தங்கள் சொந்தக் குடியிருப்பை விற்று இரண்டு வருடத்துக்குள் மாநிலத்தில் எங்கே வேறு குடியிருப்பு வாங்கினாலும், பழைய வரி மதிப்பைக் கூடவே எடுத்துப்போகலாம். புது வீடு பழையதைவிட விலை குறைவு என்றால் மதிப்பு அப்படியே வரும். ஃப்ரீமான்ட் வீட்டைப் பல வருடம் முன்பு வாங்கியிருந்தால் இது வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர் மிச்சம். ரிவர்சைடு கவுன்டி மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும், தானாக நடக்காது. புதிய வளாகங்களில் மெல்லோ-ரூஸ் என்ற தனிக் கட்டணம் வரி பில்லிலேயே சேர்ந்து வரும், அதற்கு இந்தச் சலுகை பொருந்தாது.

கோடையில் வீட்டை வாடகைக்கு விட்டு ஃப்ரீமான்ட் பக்கம் போய்விடலாம் என்று நினைத்தால், குறுகிய கால வாடகை விதியை ஊர் ஊராகப் பாருங்கள். ராஞ்சோ மிராஜ் தடை செய்துவிட்டது. கதீட்ரல் சிட்டி பெரும்பாலும் நிறுத்திவிட்டது. பாம் ஸ்பிரிங்ஸில் 2022 முதல் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் 20 சதவீத உச்சவரம்பு. லா கின்டாவிலும் பெரும்பாலான இடங்களில் புது அனுமதி கிடைக்காது.

மாமியாரைப் பற்றி. ராஞ்சோ மிராஜில் ஐசன்ஹவர் மருத்துவமனை இருக்கிறது, 1971-லிருந்து இயங்கும் நல்ல இடம். லா கின்டாவிலிருந்து பக்கம். சிறப்பு மருத்துவர்களிடம் குளிர்காலத்தில் நாள் கிடைப்பது கடினம் என்பதால் குடியேறும் முன்பே பதிவு செய்யுங்கள். 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான வளாகங்களும் உண்டு, பாம் டெசர்ட் பக்கம் சன் சிட்டி பெரியது. அங்கே பேரப்பிள்ளைகள் வந்து தங்குவதற்கு நாள் வரம்பு இருக்கும் (மாநிலச் சட்டப்படி வருடத்துக்கு 60 நாளாவது அனுமதிக்க வேண்டும்), எனவே கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளைகளை விட்டுச்செல்லும் மகனோ மகளோ இருந்தால் யோசியுங்கள். கோயிலுக்கு என்றால் சீனோ ஹில்ஸ் சுவாமிநாராயண் மந்திர் ஒன்றரை மணி நேரம், மலிபு வெங்கடேஸ்வரர் கோயில் அதைவிட வெகு தூரம். புழுங்கலரிசியும் நல்லெண்ணெயும் ஆர்டீசியாவில் மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்கி வரலாம். கொத்தமல்லி, பச்சை மிளகாய், நல்ல பேரீச்சை இண்டியோவிலேயே கிடைக்கும். தமிழ் பேசத் துணை வேண்டும் என்பதுதான் பெரிய குறை. ஃப்ரீமான்டில் பூங்காவுக்குப் போனாலே நாலு பேர் கிடைப்பார்கள், இங்கே அப்படிக் கிடையாது. அவருடைய தினசரி எப்படிப் போகும் என்பதை அந்த ஆகஸ்ட் மாதத்தில் கவனித்துப் பாருங்கள், இந்த முடிவில் அவர் பேச்சுக்கும் இடம் இருக்கட்டும்.

இரண்டில் எது என்றால், லா கின்டா வீடு. மின்சாரம் மலிவு, காற்று குறைவு, நிலம் சொந்தம் என்றால் வரிச் சலுகையிலும் சிக்கல் வராது. ஆனால் மெம்பர்ஷிப் கட்டாயமில்லாத வளாகமாக இருக்க வேண்டும், சங்கத்தின் சேமிப்பு நிதி திடமாக இருக்க வேண்டும். காண்டோ உங்கள் மூவருக்கும் சிறியதாகவும் இருக்கும். குத்தகையில் நாற்பது வருடத்துக்கு மேல் பாக்கி இருந்து, முழு ரொக்கத்தில் வாங்க முடிந்து, அதைப் பிள்ளைகளுக்கான சொத்தாக எண்ணாமல் இருந்தால் மட்டும் அதைப் பாருங்கள். ஒப்பந்தம் போட்டதும் வழக்கமாகச் சோதனைக்கு 17 நாள் கிடைக்கும், அதற்குள் எல்லாக் காகிதத்தையும் படிப்பது கஷ்டம். இப்போதே ஏஜெண்டிடம் லா கின்டா சங்கத்தின் கடந்த பன்னிரண்டு மாதக் கூட்டக் குறிப்புகளையும் சேமிப்பு நிதி அறிக்கையையும், காண்டோவின் குத்தகைப் பத்திர நகலையும் கேட்டு வையுங்கள். கூட்டக் குறிப்பில் கூரை, வழக்கு, அசெஸ்மென்ட் என்ற மூன்று சொற்களையும் தேடிப் படியுங்கள். வந்த பிறகு எதிலாவது சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.